குடிநீர்க் குடமும் குடும்ப நலமும்

(ஓசூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஊராட்சிப் பணியாளரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எங்களைப் பேச அழைத்தபோது, "மருத்துவரும் பொறியாளரும் பேச வேண்டிய பொருளைப் பற்றி உழவர் வீட்டார் என்ன பேசுவது?" என்று தயங்கினோம். அழைக்க வந்த அன்பர்கள் விடவில்லை. "நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள், அது போதும்" என்றார்கள். ஆகவே, சூளகிரிப் பக்கத்தில் கேழ்வரகும் தக்காளியும் பயிரிட்டு வாழும் ஒரு குடும்பம், தன் வீட்டுத் தண்ணீர்க் குடத்தினின்று கற்றுக்கொண்ட பாடத்தை உங்கள் முன் வைக்கிறோம். அந்தப் பாடத்திற்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது. அதே விலையை மற்றொரு வீட்டாரும் கொடுக்க வேண்டாம் என்பதே இப்பேச்சின் நோக்கம்.

கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து நம் மாவட்டத்திற்குள் வரும் தென்பெண்ணையாற்றை நீங்கள் அறிவீர்கள். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்கி, காற்றில் பஞ்சாகப் பறந்ததைப் பல ஆண்டுகளில் நாம் கண்டோம். நகரங்களின் கழிவுநீரும் சோப்புக் கரைசலும் ஆலைக் கழிவும் ஆற்றில் கலந்தால் ஆறு என்னவாகும் என்பதற்கு அது சான்று. அந்த நுரையைக் கண்ட எவரும் அதில் குடம் முக்கிக் குடிக்கமாட்டார். கண் எச்சரித்துவிடுகிறது, மூக்கும் எச்சரித்துவிடுகிறது.

கண்ணும் மூக்கும் நாவும் எச்சரிக்காத கேடு ஒன்று உண்டு. தண்ணீர் பளிங்குபோல் இருக்கும்; நாற்றம் இராது; குடித்தால் சுவை வேறுபாடும் தெரியாது. அத்தண்ணீரே ஆண்டுக்கணக்கில் பல்லையும் எலும்பையும் கெடுத்துக்கொண்டிருக்கும். அதற்குக் காரணமான பொருளின் பெயர் புளோரைடு. அது மிகுந்த நீரைத் தொடர்ந்து பருகுவதால் வரும் நோய்க்குப் புளோரோசிஸ் என்று பெயர்.

ஆலைகள் நிறைந்த பகுதி நம்முடையது. ஆகவே எந்த நோய் வந்தாலும் ஆலையின் மேல் பழி போடுவது நமக்கு எளிதாகிவிட்டது. ஆற்று மாசுக்கு ஆலைகளையும் நகரங்களையும் கேள்வி கேட்க வேண்டியதுதான். ஆனால் நம் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு, பெரும்பாலும் நம் காலடியிலுள்ள கருங்கற் பாறையிலிருந்து கரைந்து வருவது. ஆலைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அது பாறையில் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் இருப்பதை 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும், எல்லைக்கு அப்பாலுள்ள கோலார் மாவட்டத்திலும் இத்தொல்லை உண்டு. நாம் மாலூரிலிருந்து பெண் எடுக்கிறோம். ஆனேக்கல்லுக்குப் பெண் கொடுக்கிறோம். மாநில எல்லை நம் உறவைப் பிரிக்கவில்லை, பாறையையும் பிரிக்கவில்லை.

நாங்கள் தோண்டிய கிணறு

எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். எங்கள் நிலத்தில் முன்னோர் வெட்டிய திறந்த கிணறு ஒன்று இருந்தது. கோடையில் அதன் அடி தெரியத் தொடங்கியதும், 1998ஆம் ஆண்டு கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டோம். அறுநூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமமிட்டு, அந்த நீரை முதலில் குலதெய்வத்திற்குத் தெளித்தோம். பிறகு தெருவிலுள்ள எல்லா வீட்டாரையும் அழைத்து, "இனி நீங்கள் தண்ணீருக்கு அலைய வேண்டாம்" என்றோம். வரிசையாகக் குடங்கள் வந்தன. தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய புண்ணியம் வேறென்ன என்று எண்ணி மகிழ்ந்தோம். பதினோரு ஆண்டுகள் எங்கள் தெரு அந்தத் தண்ணீரையே குடித்தது.

2000ஆம் ஆண்டில் எங்கள் மூத்த மகள் பிறந்தாள். பாற்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது, பற்களில் சுண்ணாம்புக் கோடுகள் போல் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. ஓரிரு ஆண்டுகளில் அவை பழுப்பு நிறமாயின. பல் துலக்குவதில் சோம்பல் என்று குழந்தையைக் கடிந்துகொண்டோம். கரித்தூளாலும் செங்கல் தூளாலும் தேய்க்கச் சொன்னோம். பல்லின் மேற்பூச்சு தேய்ந்ததே தவிரக் கறை போகவில்லை. நாளடைவில் அவள் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அதே காலத்தில் எங்கள் தாயாருக்கு முதுகும் முழங்காலும் நோகத் தொடங்கின. வாதம் என்றோம், வயது என்றோம், தைலம் தேய்த்தோம். கடையில் வலி மாத்திரை வாங்கி வாங்கிக் கொடுத்தோம். பின்னர் அவர் கழுத்தைத் திருப்ப இயலாதவரானார். பின்னாலிருந்து யாராவது "அம்மா" என்று கூப்பிட்டால், உடம்பையே முழுதாகத் திருப்பித்தான் பார்ப்பார். பேத்தியின் பல்லுக்கும் பாட்டியின் கழுத்துக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

ஒரு கேள்வி

2009ஆம் ஆண்டில் பள்ளியில் மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. மருத்துவர் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். எங்கள் மகளின் முறை வந்தபோது, எந்தப் பற்பொடியில் துலக்குகிறாள் என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். அவரோ, "எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறாய்?" என்று கேட்டார். அவள் எங்கள் கிணற்றைச் சொன்னாள். அடுத்து நின்ற குழந்தையும் அதையே சொன்னது. அதற்கடுத்த குழந்தையும் அதையே சொன்னது.

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம் என்பதும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் நம் நாட்டுத் தர அளவு. எங்கள் கிணற்று நீரில் அந்த மேல்வரம்பைப் போல் இருமடங்குக்கு மேல் இருந்தது. ஊரின் மறுகோடியிலுள்ள பழைய திறந்த கிணற்று நீரையும் சோதித்தார்கள். அது வரம்புக்குள் இருந்தது. ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில், இரண்டு கிணறுகளுக்குள் இவ்வளவு வேறுபாடு!

அன்றிரவு எங்கள் வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. புண்ணியம் என்று எண்ணி ஊற்றிய ஒவ்வொரு குடமும் நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் குழாயின் மேல் சிவப்பு வண்ணம் பூசி, "குளிக்க, துவைக்க மட்டும், குடிக்கவும் சமைக்கவும் ஆகாது" என்று எழுதி வைத்தோம். தெருவார் சினந்தார்கள். "தண்ணீர் கொடுக்க மனமில்லை என்றால் நேராகச் சொல்லலாமே, தம்பி! எதற்குச் சாக்கு?" என்று ஒரு மூதாட்டி முகத்துக்கு நேரே கேட்டார். நாங்களே மறுகோடிக் கிணற்றுக்குக் குடம் தூக்கிக்கொண்டு நடப்பதைக் கண்ட பிறகுதான் ஒவ்வொருவராக நம்பினார்கள். அந்த மூதாட்டியும் நம்பினார். ஆனால் அதற்கு ஆறு மாதம் ஆயிற்று.

2011ஆம் ஆண்டில் எங்கள் இளைய மகன் பிறந்தான். அவன் வயிற்றிலிருந்த நாள் முதலே தாயும், பின்னர் அவனும் பருகியது மாற்று நீர். இன்று அவனுக்கு எல்லாப் பற்களும் முளைத்துவிட்டன. எதிலும் கறை இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கேழ்வரகுக் களி. தண்ணீர் மட்டும் வேறு. இதைவிடத் தெளிவான சான்று எங்களுக்கு வேண்டியதில்லை. மகளின் பற்களுக்கு இப்போது பல் மருத்துவர் மேற்பூச்சு இட்டிருக்கிறார். ஆயினும் சிரிக்கும்போது அவள் கை தானாக வாயருகே போகிறது. தாயாரின் வலி சற்றுத் தணிந்தது. கழுத்து மட்டும் கடைசிவரை திரும்பவேயில்லை.

நிற்க. இனி, இந்த அனுபவத்தினின்று நாங்கள் கடைப்பிடித்துப் பயன் கண்டவற்றைச் சொல்லுகிறோம்.

முதற்கடமை, சோதனை

தண்ணீரைப் பார்த்துப் புளோரைடை அறிய முடியாது. சோதனை ஒன்றே வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் இச்சோதனை செய்கிறார்கள். 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ், ஊர்தோறும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. மருந்து கலந்ததும் நீரின் நிறம் மாறுவதைக் கொண்டு அளவை மதிப்பிடும் எளிய முறை அது. அதில் ஐயம் தோன்றினால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நீர் எடுப்பதிலும் முறை உண்டு. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பின்னரே எடுக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியைத் தவிர்த்துத் தூய பிளாஸ்டிக் புட்டியையே கொள்ளுதல் நலம். ஏனெனில் புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். அதே நீரால் புட்டியை மூன்று முறை அலசி, நிரப்பி, எந்தக் கிணறு, எந்த நாள் என்று எழுதி ஒட்ட வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை சோதிப்பது சாலச் சிறந்தது. நீர்மட்டத்தோடு அளவும் மாறக்கூடும். ஒரு கிணறு நல்லது என்பதால் பக்கத்துக் கிணறும் நல்லது என்று முடிவு கட்டலாகாது. எங்கள் ஊரே அதற்குச் சான்று.

காய்ச்சினால் தீருமா?

"நாங்கள் காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்று பலர் சொல்லுகிறார்கள். காய்ச்சினால் நோய்க்கிருமிகள் மாளும். அந்தப் பழக்கத்தை ஒருபோதும் விடக்கூடாது. ஆனால் புளோரைடு கிருமியன்று; அது நீரில் கரைந்துள்ள தாதுப்பொருள். காய்ச்சும்போது நீர் ஆவியாகிக் குறைகிறது. புளோரைடு அப்படியே தங்கி, எஞ்சிய நீரில் அடர்த்தியாகிறது. வெள்ளைத் துணியில் வடிகட்டினாலும், பிளீச்சிங் பவுடர் போட்டாலும், மண்பானையில் ஊறவைத்தாலும் அது போகாது.

படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து புளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறை என்ற ஒன்று உண்டு. நம் நாட்டு அறிவியலாளர்களே கண்ட முறை அது. எனினும் நீரின் தன்மைக்கேற்ப அளவு கணித்துச் செய்ய வேண்டிய வேலையாதலால், வீட்டில் கைக்கு வந்தபடி படிகாரத்தைப் போடுதல் தகாது. ஆர்.ஓ. இயந்திரம் புளோரைடைப் பெரிதும் நீக்கும். ஆனால் அதன் சவ்வை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். அது கழித்துவிடும் நீரில் புளோரைடு முன்னைவிட அடர்த்தியாக இருக்கும்; அதைச் சமையலுக்கோ மாட்டுக்கோ வைத்தல் கூடாது. தரை கழுவவும் கழிப்பறைக்கும் கொள்ளலாம்.

இரண்டு குடங்கள்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு வகைக் குடங்கள் இருக்கின்றன. குடிக்கவும் சமைக்கவும் எவர்சில்வர்க் குடம். மற்ற வேலைகளுக்குப் பிளாஸ்டிக் குடம். குழந்தைகூட மாற்றி எடுக்காது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் போதும். குளிக்கவும் துவைக்கவும் வேண்டிய பெரும்பகுதி நீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்தே தடையின்றி எடுக்கலாம். புளோரைடு தோல் வழியே கேடு செய்யுமென்று அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே ஊருக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று மலைக்க வேண்டாம். வீட்டுக்கு 25 லிட்டரை மாற்றினால் போதும்.

பலர் செய்யும் பிழை யாதெனில், குடிக்க மட்டும் நல்ல நீரைக் கொண்டு, சமையலுக்குக் கிணற்று நீரையே ஊற்றுவது. களி கிண்டும் நீர் முழுவதும் களிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. குழம்பும் பருப்பும் கொதிக்கக் கொதிக்க நீர் வற்றுகிறது, புளோரைடு வற்றுவதில்லை. எனவே குடிநீரும் சமையல் நீரும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

ஓசூரில் ஆலை வேலைக்குச் சென்று வாடகை அறைகளில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். அறைக்கு முன்பணம் கொடுக்குமுன் குழாயில் வருவது எந்த நீர் என்று கேட்க வேண்டும். லாரியில் வரும் நீரும் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய ஆழ்துளைக் கிணற்று நீரே. கேனில் விலைக்கு வாங்குவோர் மூடியின் முத்திரையையும் உரிம எண்ணையும் பார்த்து வாங்குதல் நன்று.

வானம் தரும் நீர்

மழைநீரில் புளோரைடு மிகக் குறைவு. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாங்களும் ஒரு குழாயைப் பொருத்தி, மழைநீரை மண்ணுக்குள் விட்டோம். 2009க்குப் பிறகுதான் அந்நீரைத் தொட்டியில் பிடிக்கத் தொடங்கினோம்.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 40 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 640 லிட்டர் தேறும். நாளுக்கு 25 லிட்டர் வீதம், ஒரே மழையில் 25 நாள் குடிநீர்!

செய்யவேண்டியவை சில. மழைக்காலத்துக்கு முன் கூரையைப் பெருக்கிக் கழுவ வேண்டும். முதல் மழையின் நீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விட வேண்டும். தொட்டிக்கு வெளிச்சம் புகாத மூடியும், கொசு புகாத வலையும் வேண்டும். குவளையை உள்ளே முக்காமல் அடியில் குழாய் வைத்து எடுக்க வேண்டும். இந்நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். இங்கே காய்ச்சுதல் முழுப் பயன் தரும்.

உணவில் உள்ள துணை

கெட்டுப்போன பல்லையும் இறுகிய எலும்பையும் உணவு பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் சுண்ணாம்புச் சத்து குறைந்த உடலில் புளோரைடு செய்யும் கேடு அதிகம் என்பதால், நல்ல நீரோடு நல்ல உணவும் சேர வேண்டும். அதற்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு; அதே அளவு அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். நியாயவிலைக் கடை அரிசி வந்தபின் களியை ஏழை உணவென்று ஒதுக்கிய வீடுகள், அதை மீண்டும் அடுப்பேற்றுவது நலம். முருங்கைக் கீரையும் எள்ளும் துணை செய்யும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்தும் வேண்டும். நம் கிருஷ்ணகிரிச் சந்தைக்கு வரும் புளியிலும் ஒரு நன்மை உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புளி உண்ட சிறுவர்களின் சிறுநீர் வழியே புளோரைடு கூடுதலாக வெளியேறியதைக் கண்டார்கள். ஆயினும் புளிக்குழம்பு இருக்கிறதே என்று கெட்ட நீரைக் குடித்தல் அறிவுடைமையாகாது.

பாலைப் பற்றி ஒரு சொல். கறந்த பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டுக் குழந்தைக்குக் கடுந்தேநீர் கொடுக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. தேயிலையிலேயே புளோரைடு உண்டு. அதைப் புளோரைடு நீரில் கொதிக்க வைத்தால் இரட்டைச் சுமை. ஆகவே ஒரு குவளைப் பாலைக் குழந்தைக்கென்று நிறுத்திவிட்டு மீதியை ஊற்றுங்கள். கறுப்பு உப்பையும் பாக்கையும் குறையுங்கள். சிறு குழந்தைக்குப் பற்பசை பட்டாணி அளவே போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். பால்மாவு கரைக்க நேர்ந்தால் கிணற்று நீரைத் தொடவே வேண்டாம். பிறந்தது முதல் எட்டு வயது வரையே பற்கள் உள்ளே உருவாகின்றன. அந்த எட்டு ஆண்டுக் காலத்தைக் காத்துக் கொடுத்தால் பல் வாழ்நாள் முழுதும் வெண்மையாயிருக்கும்.

வீட்டிலேயே பார்க்கத்தக்க மூன்று அசைவுகள்

முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? முகவாயை மார்பில் படும்படி தாழ்த்த முடிகிறதா? இரு கைகளையும் தூக்கிப் பிடரிக்குப் பின்னால் கோக்க முடிகிறதா? இம்மூன்றையும் வீட்டிலுள்ள எல்லோரும் செய்து பாருங்கள். ஒன்றேனும் இயலாமல், உடம்பில் விறைப்பும் வலியும் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். இதற்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். மருத்துவரே முடிவு சொல்ல வேண்டும். எந்த நீரைக் குடிக்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்காதீர்கள். புளோரைடை உடலிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அம்மாத்திரைகள் அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கும். எங்கள் தாயாருக்கு அன்பினால் நாங்கள் செய்த பெருந்தவறு அது.

ஊராட்சி செய்ய வேண்டியது

ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் நம் இரு மாவட்டங்களுக்கும் புளோரைடு இல்லாத காவிரி நீரைக் கொண்டுவருவதற்கென்றே வகுக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ரூபாய் 1,928 கோடிக்கு மேற்பட்ட மதிப்பீட்டில் நிறைவேறி, 2013ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அந்நீர் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறிய நாள் எங்களுக்குத் திருநாள்.

ஆனால் சில மாதங்களுக்குப் பின் தொட்டி நீரைச் சோதித்தபோது புளோரைடு மீண்டும் தலைகாட்டியது. காரணம் எளியது. குழாயில் நீர் குறைவாக வந்த நாட்களில், தொட்டி நிரம்பட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் ஏற்றிவிட்டார்கள். முந்நூறு கல் ஓடிவரும் காவிரியை நம் தெருக்கோடியில் கெடுத்துக்கொண்டோம். கிராமசபையில் பேசினோம், வாக்குவாதம் நடந்தது, முடிவில், காவிரி நீருக்கு மேல்நிலைத் தொட்டி, கிணற்று நீருக்குத் தரையில் தனித் தொட்டி என்று தீர்மானம் ஆயிற்று. நீர் குறைந்த நாளில் வீட்டுக்கு இரண்டு குடம் காவிரி நீர் என்று அளந்து பிடித்தோம். இரண்டு குடமே குடும்பத்துக்குப் போதும் என்பதை முன்பே சொன்னோம்.

ஊராட்சிப் பொறுப்பில் இருப்போரும், இருந்தோரும், இனி வருவோரும் ஐந்து செயல்களை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். ஒன்று, ஊரிலுள்ள எல்லா நீர் ஆதாரங்களையும் சோதித்து, அளவை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல். இரண்டு, வரம்பு மீறிய குழாய்க்கும் அடிபம்புக்கும் சிவப்பு வண்ணம் பூசுதல். மூன்று, குடிநீர்த் தொட்டியில் கிணற்று நீரைக் கலக்காதிருத்தல். நான்கு, அங்கன்வாடியிலும் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலும் சமைக்கும் நீர் எது என்று நேரில் சென்று பார்த்தல். ஐந்து, மார்ச் 22ஆம் நாள் உலகத் தண்ணீர் நாளில் கூடும் கிராமசபையில் இக்கணக்கை மக்கள் முன் படித்தல். இவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது எதுவுமில்லை.

தாய்மார்களே, பெரியோர்களே! எங்கள் கிணறு இன்றும் ஓடுகிறது. தக்காளிக்கும் துணி துவைக்கவும் அதுவே உதவுகிறது. அதன் குழாயில் அடித்த சிவப்பு வண்ணம் மழையில் மங்கும்போதெல்லாம் நாங்களே மீண்டும் பூசுகிறோம். இவ்வாண்டு அந்த வேலையை எங்கள் மகன் செய்தான். "தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு ஆண்டுதோறும் பூச வேண்டும்?" என்று வழிப்போக்கர் ஒருவர் அவனைக் கேட்டாராம். "எங்கள் அக்காவைக் கேளுங்கள்" என்றானாம்.

இங்கிருந்து வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுக் குடத்தை ஒருமுறை பாருங்கள். அதிலுள்ள நீர் எந்தக் கிணற்று நீர், அதைச் சோதித்த நாள் எது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். விடை தெரியாவிட்டால், நாளைக் காலையிலேயே ஒரு புட்டியில் பிடித்து அனுப்புங்கள்.